பெயரறியாச் செடிகள்: மட்டக்களப்பு வளவுகளும் தாவர அறிவின் சமூக அடிப்படையும்

1

மாரி தொடங்கியதும் மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் உள்ள வளவுகளிலும் வேலியோரங்களிலும் வயல் வரம்புகளிலும் எண்ணற்ற செடிகள் தாமாகவே முளைக்கின்றன. அவற்றுள் எது கறிக்காகும், எது மருந்துக்காகும், எது நஞ்சு என்று துணிந்து கூறவல்லோர் தொகை குறைந்து வருகின்றது. ஒரு செடியைக் காட்டி இதன் பெயர் யாது என வினவினால், "ஏதோ காட்டுச் செடி" என்ற விடையே இளந்தலைமுறையினரிடமிருந்து பெரும்பாலும் கிடைக்கின்றது. இதனை நாகரிகத்தின் கேடு என்றோ இளைஞரின் அசட்டை என்றோ கூறி அமைதல் எளிது. ஆயின் அத்தகைய கூற்று எதனையும் விளக்குவதில்லை.

ஒரு செடி எவ்வாறு பெயரறியாச் செடி ஆகின்றது? அதனை மீண்டும் இனங்காணும் வழி யாது? இவ்விரு வினாக்களையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். தாவரவியலாளர்க்குரிய விடயத்தில் இலக்கிய மாணவர்க்கு என்ன வேலை என ஐயுறுவோரும் உளர். பெயர் மொழியின்பாற்பட்டது, மொழியோ சமூக உழைப்பிலிருந்து பிரிக்கவொண்ணாதது. ஆதலின், பெயர்கள் மறையும்போது சமூக வாழ்வில் நிகழ்ந்த மாற்றம் யாது என வினவும் பொறுப்பு எமக்கும் உண்டு.

இவ்வினா வெறும் ஏட்டு வினாவும் அன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசாங்கமே கேட்டுக்கொண்டது. சந்தையில் மரக்கறி வாங்க வகையற்றோர் வேலியோரக் கீரைகளை நாடுவது இயல்பே. அத்தகைய வேளையில் ஒரு செடியைச் சரியாக இனங்காண்பதும் தவறாக இனங்காண்பதும் வயிற்றோடும் உயிரோடும் தொடர்புடைய விடயங்களாகும்.

2

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, நிலத்தைப் போலவே மக்கள் வாழ்வையும் இரண்டாக வகுத்துள்ளது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் மீன்பிடியும் தென்னையும் கைத்தொழிலும் வணிகமும். படுவான்கரையில் நெல்லும் மாடும் சேனைப்பயிரும். படுவான்கரை வயல்களை உடைமையாகக் கொண்ட போடியார்களுட் பலர் எழுவான்கரையில் வாழ்ந்தனர் என்பதும், வயலில் உழைத்தோர் அவர்களை அண்டி வாழ்ந்தனர் என்பதும் இப்பிரதேசத்தின் நிலவுடைமை உறவுகளை அறிந்தோர்க்குப் புதியன அல்ல.

எனினும், வயல் ஆடவரின் உடைமையாகப் பேசப்பட்ட இச்சமூகத்திலே, வீடும் வளவும் பெண்வழியே சென்றன என்பது நமது ஆய்வுக்கு இன்றியமையாத செய்தியாகும். மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதப்படும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். இரண்டாவது மகளுக்கு அதே வளவிலோ அயல் வளவிலோ மற்றொரு வீடு எழும். முக்குவர் சட்டம் என வழங்கிய தாய்வழி உரிமை முறையின் எச்சங்களை இதிற் காணலாம். டெனிஸ் மக்கில்வ்ரே போன்ற மானிடவியலாளர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தமிழரிடையே மட்டுமன்றி, இப்பிரதேசத்து முஸ்லிம்களிடையேயும் இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது.

இதன் விளைவு யாது? தாய், அவள் பெண்மக்கள், அவர்தம் பெண்மக்கள் ஆகியோர் ஒரே மண்ணில், பெரும்பாலும் ஒரே கிணற்றைச் சுற்றி வாழ்ந்தனர். வளவு நடைமுறையில் அவர்களது பொதுத் தோட்டமாயிற்று. தன் அம்மம்மா எந்த மூலையில் எச்செடியைப் பறித்தாள் என்பதைப் பேர்த்தி பார்த்தே வளர்ந்தாள். பிள்ளைப்பேற்றின்பின் பத்தியக் கறிக்கு எந்த இலை, குழந்தையின் வயிற்றுப்பொருமலுக்கு எந்த இலை என்பனவெல்லாம் பறித்தும் முகர்ந்தும் அரைத்தும் கற்கப்பட்டன. ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவு, வளவின் தொடர்ச்சியைத் தனது ஏடாகக் கொண்டிருந்தது எனலாம்.

இத்தொடர்ச்சி பல தடவை அறுந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி முதுமரங்களைச் சாய்த்தது. 1990ஆம் ஆண்டின் வன்செயல்கள் அயலயலே வாழ்ந்த தமிழ், முஸ்லிம் ஊர்களைப் பிரித்து, வேலிக்கு மேலாக நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல்களை நிறுத்தின. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள் எழுவான்கரையின் கரையோர வளவுகளிலும் கிணறுகளிலும் உப்பை நிறைத்தது. 2007ஆம் ஆண்டின் போரினால் படுவான்கரை மக்கள் பெருந்தொகையினராக வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தனர்; திரும்பியோர் கண்டவை பற்றை மூடிய வளவுகள். அறிந்த செடிகள் சில அழிந்திருந்தன. அறியாத செடிகள் சில முளைத்திருந்தன. அறிந்த முதியோர் சிலர் திரும்பவேயில்லை. செடி பெயரறியாச் செடியாவது இவ்வாறுதான். செடியைப் பற்றிய அறிவைப் பேணிய சமூக உறவு அறுபட, பெயரும் உடன் அறுபடுகின்றது.

3

பெயர்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதையும் நோக்குதல் வேண்டும். இப்பிரதேசத்தின் ஊர்ப்பெயர்களே ஒரு தாவரப் பட்டியல் போன்றவை. தாழங்குடா, நாவற்குடா, புன்னைக்குடா, காஞ்சிரங்குடா, மகிழடித்தீவு, இலுப்படிச்சேனை எனப் பலவற்றைக் கூறலாம். ஆரைப்பற்றை எனும் பழம்பெயரையுடைய ஆரையம்பதி, ஆரைச் செடியை நினைவூட்டுகின்றது. தில்லை மண்டூர் என வழங்கும் மண்டூர், வாவியோரத் தில்லை மரத்தைத் தன் பெயரிற் கொண்டுள்ளது. கொக்கட்டிச்சோலையின் தான்தோன்றீச்சரத் தலக்கதை கொக்கட்டி மரத்தோடு பிணைந்தது. இம்மரம் கொறுக்காய்ப்புளி இனத்தைச் சார்ந்தது. சிங்களத்தில் இது 'எல கொகட்டு' எனப்படுகின்றது. கொக்கட்டி, கொகட்டு எனும் சொற்களின் ஒப்புமை, காட்டையும் மரத்தையும் பயன்படுத்திய இருமொழி மக்களும் சொற்களையும் பகிர்ந்துகொண்டனர் என்பதைக் காட்டுகின்றது. பண்பாட்டுத் தூய்மை பேசுவோர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

மக்கள் புதிய செடிகளுக்கும் பெயரிட்டனர். 1905ஆம் ஆண்டு அழகுச் செடியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு நீர்ச்செடி, நான்கு ஆண்டுகளுக்குள், 1909இல், தன்னை ஒழிப்பதற்கெனவே ஒரு கட்டளைச் சட்டத்தை இயற்றச் செய்தது. தோணிக்கும் வலைக்கும் இடையூறாகிய அச்செடியை வாவிக்கரை மக்கள் ஆற்றுவாழை என்றனர். இப்பெயரை எந்தச் சொல்லாக்கக் குழுவும் ஆக்கவில்லை. நீரில் உழைத்தோர், தாம் அறிந்த வாழையோடு அறியாத செடியை ஒப்பிட்டு ஆக்கிய பெயர் இது. மனிதன் உழைப்பின் வாயிலாகவே இயற்கையோடு உறவுகொள்கின்றான் என்ற மார்க்ஸின் கருத்துக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

'களை' என்னும் சொல்லும் இவ்வகையில் ஆராயத்தக்கது. எத்தாவரக் குடும்பத்துக்கும் களை என்று பெயரில்லை. வயலுடைமையாளனின் நோக்கில் நெல்லுக்கு நடுவே நிற்கும் பொன்னாங்காணியும் ஆரையும் வல்லாரையும் பிடுங்கி எறியத்தக்கவை. களை பிடுங்கக் கூலிக்கு வந்த பெண்ணுக்கோ அவற்றுட் சில மாலைக் கறி. ஒரே செடி, ஒரே வயலில், ஒரே நாளில் களையாகவும் கீரையாகவும் நின்றது. களைநாசினி பரவியதும் பிடுங்கும் வேலை குறைந்தது. பிடுங்கியோர் பெற்றிருந்த கீரையும், அதனை இனங்காணும் கண்ணும் உடன் குறைந்தன.

எனினும், மக்கள் வழக்குப் பெயர்களைப் பிழையற்றவையாகக் கொள்ளுதல் மற்றொரு வகை மயக்கமாகும். ஆரை, புளியாரை, வல்லாரை என்னும் மூன்றையும் ஒப்பிடுவோம். ஆரை நான்கு சிற்றிலைகளை உடையது. பூவோ விதையோ இல்லாத பன்னவகையைச் சார்ந்தது. புளியாரை மூன்று சிற்றிலைகளும் சிறு மஞ்சட் பூவும் புளிப்புச் சுவையும் உடையது. வல்லாரையின் இலையோ பிரிவுபடாத சிறுநீரக வடிவினது. அது கொத்தமல்லிக் குடும்பத்தது. ஒரே பெயர் மூன்றிலும் ஒலிப்பினும் அவை தம்முள் உறவற்றவை. இவ்வாறே சாறணையும் மூக்கிரட்டையும் மருந்து வழக்கில் அடிக்கடி ஒன்றோடொன்று மயங்குவன. பெயர் ஒன்றாயிருத்தல் செடி ஒன்றாயிருத்தலுக்குச் சான்றாகாது.

4

இங்கேதான் தாவரவியலின் பங்களிப்பை மதிப்பிடவேண்டியுள்ளது. அவ்வியல் இங்கு வந்த வரலாறு வணிகத்தோடும் ஆட்சியோடும் பின்னியது. 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராகக் கொழும்பிலிருந்த போல் ஹேர்மன், இலங்கைச் செடிகளைச் சேகரித்து உலர்த்தி ஏடுகளில் ஒட்டிச் சென்றார். அச்சேகரிப்பை ஆதாரமாகக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது இலத்தீன் நூலை வெளியிட்டார். அவ்வேடுகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. அதே காலத்தில், 1678 முதல் 1693 வரை, கேரளத் தாவரங்கள் பற்றிய பன்னிரு தொகுதிகள் ஒல்லாந்த ஆளுநர் வான் றீடின் முயற்சியால் அம்ஸ்ரடாமில் வெளிவந்தன. அதில் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரின் பெயர் சான்றுரையோடு இடம்பெற்றுள்ளது. ஹேர்மனுக்குச் செடி காட்டியோர்க்கு அத்தகைய இடமும் வாய்க்கவில்லை. செடிகளின் உள்ளூர்ப் பெயர்கள் பதிவாயின. பெயர் சொன்னோரின் பெயர்கள் பதிவாகவில்லை.

1821இல் அமைந்த பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிறைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல் 1893 முதல் 1900 வரை வெளிவந்தது. 1896இல் அவர் இறந்தபின் ஜோசப் ஹூக்கர் அதனை நிறைவுசெய்தார். சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் தரும் அந்நூல் இன்றும் எமக்குப் பயன்படுகின்றது. 1980 முதல் அதன் திருத்திய பதிப்புத் தொகுதிகளும் வெளிவந்தன. குடியேற்றவாதத்தின் கருவியாக வளர்ந்தமையால் இவ்வறிவைத் தள்ளிவிடலாம் எனக் கருதுவது பேதைமை. உலகெங்கும் ஒரே செடியை ஒரே பெயரால் சுட்டும் வாய்ப்பையும், பூவின் உறுப்புகளை எண்ணி அளந்து ஒப்பிடும் முறையையும் அது தந்தது.

தமிழ் மரபிலும் வகைப்படுத்தும் முயற்சி உண்டு. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. இதன்படி தென்னையும் பனையும் புல்லாகும். ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டை இது பெரிதும் ஒத்திருப்பது வியப்புக்குரியதே. ஆயின் அன்றே எல்லாம் கண்டுவிட்டோம் என முழங்குவதற்கு இது ஆதாரமாகாது. தச்சரும் வேலி கட்டுவோரும் வெட்டிப் பார்த்து அறிந்ததன் இலக்கணப் பதிவாகவே அதனைக் கொள்ளுதல் பொருந்தும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்கிக் கூறுகின்றது. அவற்றுட் சில இன்று எச்செடியைக் குறிக்கும் என்பதில் உரையாசிரியரும் ஆய்வாளரும் வேறுபடுகின்றனர். பெயர் ஏட்டில் நிலைத்தது. பெயருக்கும் செடிக்கும் இடையிலிருந்த கை மறைந்தது.

5

தவறாக இனங்காண்பதன் விளைவுகளை மூன்று சான்றுகளாற் காட்டலாம்.

முதலாவது பொன்னாங்காணி. சிங்கள மக்கள் முக்குணுவென்ன என வழங்கும் இக்கீரை நாடெங்கும் விரும்பி உண்ணப்படுவது. 1990களில் அவுஸ்திரேலியாவில் ஒரு விந்தையான நிகழ்ச்சி வெளிப்பட்டது. அங்குக் குடியேறிய இலங்கையர் பலர் தம் வீட்டுத் தோட்டங்களில் பொன்னாங்காணி எனக் கருதி வளர்த்து உண்டது உண்மையில் பொன்னாங்காணியன்று. தென்னமெரிக்காவிலிருந்து பரவி நீர்நிலைகளை மூடும் 'முதலைக்களை' எனப்படும் அதன் இனச்செடியே அது. அந்நாட்டு அதிகாரிகள் அதனை அகற்றியதோடு, மாற்றாக அந்நாட்டுக்குரிய மற்றோர் இனச்செடியையும் வழங்கினர். பின்னர் இலங்கையிலும் முதலைக்களை வளர்வது அறியப்பட்டது. இரண்டையும் வேறுபடுத்தும் அடையாளம் எளியது. பொன்னாங்காணியின் வெண்ணிறப் பூந்தலை இலைக்கக்கத்தில் காம்பின்றி ஒட்டியிருக்கும். முதலைக்களையின் பூந்தலையோ நீண்ட காம்பின்மீது உயர்ந்து நிற்கும். அதன் தண்டும் உள்ளீடற்றது. பொன்னாங்காணியின் இலத்தீன் பெயரின் பிற்பகுதிக்குக் காம்பின்றி அமர்ந்தது என்பதே பொருள். வேற்றுமண்ணில் அம்மாவின் கீரையைத் தேடிய ஏக்கம் உண்மையானது. ஏக்கம் மட்டும் செடியை இனங்காட்டாது.

இரண்டாவது காந்தள். சங்கச் செய்யுட்கள் மகளிர் விரலுக்கு உவமை கூறிய இம்மலரை நாம் கார்த்திகைப்பூ என்கின்றோம். புலவர் கண்டது மலரை. மண்ணைக் கொத்துவோர் காண்பது கிழங்கை. அக்கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. வற்றாளைக் கிழங்கென மயங்கி அதனை அவித்துண்டு உயிரிழந்தோர் பற்றிய மருத்துவப் பதிவுகள் இந்நாட்டில் உள்ளன. பூவில்லாத காலத்தில் இதனை அறிவது எவ்வாறு? இலைநுனி கம்பிபோல் சுருண்டு பற்றுக்கொடியாக முடிவதே இதன் அடையாளம். வற்றாளை இலைக்கு அஃது இல்லை. கிழங்கோ கலப்பை போன்று கவைத்திருக்கும். கலப்பைக்கிழங்கு எனும் வழக்கு அவ்வடிவத்தையே சுட்டுகின்றது. இலக்கிய மாணவர் காந்தளின் உவமையை மட்டும் கற்பித்து, கலப்பைக்கிழங்கு என்ற சொல்லைக் கைவிடுவோமாயின், உழைப்போரின் அறிவை விடுத்து நுகர்வோரின் அழகை மட்டும் பேணியவர்களாவோம்.

மூன்றாவது நீலோற்பலம். இது 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆயின், அதன் படமென நெடுங்காலம் காட்டப்பட்ட ஊதாநிற மலர் உள்நாட்டு நீலோற்பலமன்று, அயல்நாட்டு அல்லியின் கலப்பினம் என்பதைப் பேராதனைத் தாவரவியலாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். அரச இலச்சினைகளும் பாடநூல்களும் பிழைபடக்கூடும். அதிகாரம் பெயரைச் சூட்டலாம். செடியை மாற்ற அதனால் இயலாது.

6

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாது? முதியோர் சொன்ன பெயர் மட்டும் போதாது. நூல் சொன்ன இலத்தீன் பெயர் மட்டும் போதாது. ஒன்று மற்றொன்றைச் சோதிக்கும் கூட்டுமுயற்சியாக இனங்காணல் அமைதல் வேண்டும். பாடசாலைகளிலும் மாதர் சங்கங்களிலும் பலர் சேர்ந்து செய்யும் தோட்டங்களிலும் இதனைச் செயற்படுத்த இயலும். அதற்குரிய படிமுறையைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலில், செடி நின்ற இடத்தைக் குறித்தல் வேண்டும்: உவர்மண்ணா, வரம்பா, நிழலா, நீரோரமா என்பது. அடுத்து, தண்டு உருண்டையா சதுரமா என விரலால் உருட்டிப் பார்க்கவேண்டும். தும்பை, துளசி போன்றவற்றின் தண்டு சதுரமானது. இலைகள் எதிரெதிரே நிற்பன. மூன்றாவதாக, இலைகள் எதிரெதிராகவோ மாறிமாறியோ வட்டமாகவோ அமைந்துள்ள முறையையும், கிள்ளியபோது பால் வடிகின்றதா என்பதையும் நோக்கவேண்டும். பால் வடியும் செடிகளைக் கையாள்கையில் எச்சரிக்கை தேவை. தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும், அலரியின் விதை இதயத்தை நிறுத்தும். நான்காவதாக, பூவும் காயும் தோன்றும்வரை பொறுத்திருந்து இதழ்களை எண்ணவேண்டும். இனங்கண்டு உறுதிசெய்யும்வரை எதனையும் சுவைத்துப் பார்த்தல் ஆகாது.

ஐந்தாவதாக, பூவோடு கூடிய கிளையைப் பழைய செய்தித்தாளிடை வைத்து அழுத்தி உலர்த்தி, நாளும் இடமும் குறித்துப் பேணவேண்டும். ஐயமுள்ளவற்றைப் பேராதனைத் தேசிய உலர்தாவரச் சாலையின் மாதிரிகளோடும் கைந்நூலோடும் ஒப்பிடலாம். ஆறாவதாக, அச்செடிக்கு வழங்கும் பெயர்கள் அனைத்தையும், படுவான்கரை வழக்கு, எழுவான்கரை வழக்கு, முஸ்லிம் ஊர்களின் வழக்கு, சிங்கள வழக்கு என வேறுபடுத்தி எழுதவேண்டும். பெயரையும் பயனையும் கூறியவர் இசைந்தால் அவர் பெயரையும் உடன் எழுதவேண்டும். ஹேர்மனின் ஏடுகள் செய்யத் தவறியது இதுவே.

வித்துவான் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. அது இப்பிரதேசத்தின் வாழ்வையும் வழக்கையும் தொகுத்த முன்னோடி நூல். அதன் வழியில், வாவியின் இருகரைத் தாவரப் பெயரகராதி ஒன்று மாதிரிகளோடும் படங்களோடும் உருவாதல் வேண்டும். 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இயங்கிவருகின்றது. தாவரவியல், தமிழ், சமூகவியல் மாணவர் அங்கு ஒருங்கே பணியாற்றுதல் இயலாததன்று.

பல்கலைக்கழகங்களும் இதில் அடக்கத்தோடு ஈடுபடுதல் நன்று. இந்நாட்டின் வயல்களையும் குளங்களையும் மூடிய சல்வீனியா என்னும் நீர்ப்பன்னம், 1939இல் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குக் கற்பித்தலின்பொருட்டே கொண்டுவரப்பட்டது. கற்றோர் கொண்டுவந்த செடியை நூற்றாண்டின் எஞ்சிய காலமெல்லாம் இடுப்பளவு நீரில் நின்று வாரி அகற்றியோர் உழவர்களே.

பெயரறியாச் செடிகள் நிறைந்த வளவு, தன் உழைப்பின் நினைவை இழந்த சமூகத்தின் வளவாகும். அந்நினைவை மீட்பது பழைமைக்குத் திரும்புவதாகாது. சீதன வளவின் எல்லைக்குள் தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் சென்ற அறிவை, குடி, சாதி, இன எல்லைகளைக் கடந்து அனைவர்க்கும் உரியதாக்குவதே நம்முன்னுள்ள பணி. போர் பிரித்த ஊர்களின் பெண்கள் ஒரு செடியின் இலையை நடுவில் வைத்து, தத்தம் வழக்கில் அதற்கு என்ன பெயர் என்று பேசத் தொடங்குவார்களாயின், அப்பணி தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.